முதல் பிள்ளை சிசேரியனா? அடுத்ததை லயத்தில் பெற வேண்டாம்

சிசேரியனுக்குப் பிறகும் சுகப்பிரசவம் ஆகலாம். முயல்பவர்களில் 100க்கு 72 முதல் 75 பேருக்கு ஆகிறது. ஆனால் ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குக் கருப்பையின் பழைய தையல் பிரியலாம். அப்போது ஆபரேஷன் தியேட்டரும் இரத்தமும் உடனே வேண்டும்.

● பழைய டயக்னோசிஸ் கார்டை முதல் கிளினிக்கிலேயே காட்டுங்கள். வெளித்தழும்பு குறுக்காக இருந்தாலும் உள்ளே வெட்டு நெடுக்காக இருக்கலாம். அப்படியானால் பிரசவ வலிக்குக் காத்திருக்கக் கூடாது.

● முந்தைய பிரசவம் ஆகி ஒன்றரை வருடத்துக்குள் அடுத்தது என்றால் ஆபத்து கூடும், மறைக்காமல் சொல்லுங்கள்.

● 24 மணி நேரமும் சிசேரியன் செய்யும் வைத்தியசாலை எது என்று குடும்ப நல மாதுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்து டிஸ்பென்சரி இதற்குப் போதாது.

● மேல் டிவிஷன்காரர்கள் நிறைமாதத்தில் டவுனுக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கலாம். இல்லையேல் முன்கூட்டியே வார்டில் சேர்க்க முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். அடைமழையில் மண் சரிந்தால் பாதை அடைபடும்.

● 1990க்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டம், டிவிஷன், லய இலக்கம், பக்கத்துக் கோயில் ஆகியவற்றை எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் யாரும் வாசித்துச் சொல்லலாம்.

● தழும்பில் விடாத வலி, இரத்தப்போக்கு, பிள்ளைத் துடிப்புக் குறைவு, வந்த வலி திடீரென நிற்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

சுகப்பிரசவத்துக்கு ஆசைப்படுவது நியாயமே. அதை வைத்தியசாலையில் முயலுங்கள்.