மாலைப்பாலும் ரோஸ் பாணும்

எங்கள் வீடு மாங்குளம் சந்தியிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும் முல்லைத்தீவுக்குப் பிரியும் ஏ34 வீதியும் சந்திக்கும் இடம் என்பதால் சந்தியில் எந்நேரமும் பஸ் நிற்கும். வாப்பாவின் தேநீர்க் கடையும் அங்கேதான். நான் விடுதியில் தங்கிப் படிப்பதால் விடுமுறை நாட்களில் மட்டுமே கடைப்பக்கம் போவேன்.

அயல் வீட்டு அன்ரிக்கு மூன்று பசுக்கள். காலைப் பாலைச் சேகரிப்பு வாகனம் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். மாலைப் பாலுக்கு ஆள் இல்லை. நாளுக்கு நான்கு லீற்றர் அளவில் வரும். கொஞ்சம் தயிராகும், கொஞ்சம் அயலில் விற்கும். ஏப்ரல் மாத வெக்கையில் மிச்சம் திரைந்து போகும். ஒரு நாள் அவர் ஒரு சட்டிப் பாலை வேலியோரம் ஊற்றுவதைக் கண்டேன். "என்ன செய்யிறது பிள்ளை, நாய்க்கு வைச்சாலும் அது இவ்வளவும் குடிக்காது" என்றார். 2022 ஆம் ஆண்டு பால்மாவுக்காக நாங்கள் வரிசையில் நின்றது எனக்கு நினைவு வந்தது. அதே நாட்டில், அதே மாவட்டத்தில், பால் மண்ணுக்குப் போகிறது.

உயர்தரத்தில் நான் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படிக்கிறேன். பாலிலிருந்து பாற்கட்டி செய்வது எங்கள் பாடத்தோடு சேர்ந்த விடயம். குறிப்பில் எழுதி மனப்பாடம் செய்ததை இந்த விடுமுறையில் அடுப்பில் வைத்துப் பார்த்தேன். வெட்டிச் சுட்ட பாணில் மென்மையான சீஸைப் பூசி, அதன்மேல் வாட்டிய மரக்கறி வைத்துக் கடையில் கொடுக்கலாமா என்பதே கேள்வி. அதில் நான் கற்றதையும் கெடுத்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சீஸ் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். பசுப்பாலின் புரதத்தில் ஏறக்குறைய 80 வீதம் கேசீன். இது மிக நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. உருண்டைகள் மறை ஏற்றம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. புதிய பாலின் பீஎச் பெறுமானம் 6.6 அளவில் இருக்கும். தேசிக்காய்ச் சாற்றை விட்டதும் அது இறங்குகிறது. 4.6 ஐ நெருங்கும்போது அந்த ஏற்றம் நடுநிலையாகி, உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளுகின்றன. கொழுப்பும் அந்தத் திரளுக்குள் அகப்படும். வெளியே நிற்பது இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த பால்தெளிவு. சூடான பாலில் இந்தத் திரளல் பீஎச் 4.6 க்கு வருமுன்னரே தொடங்கிவிடும். வெப்பத்தில் பால்தெளிவிலுள்ள புரதமும் உருமாறிக் கேசீனோடு சேர்வதால் கிடைக்கும் அளவும் கூடும்.

கடையில் வாங்கும் கட்டிச் சீஸ் பெரும்பாலும் இப்படிச் செய்யப்படுவதில்லை. அதற்கு ரெனெற் என்னும் நொதியம் சேர்ப்பார்கள். பழைய முறையில் அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. இன்று நுண்ணங்கிகளிலிருந்தும் எடுக்கிறார்கள். எது சேர்ந்தது என்று நாம் சுட்டியைப் பார்த்து ஹலால் இலச்சினையைத் தேடுவது இதனால்தான். தேசிக்காயால் திரைக்கும் சீஸில் அந்தக் கேள்வியே எழுவதில்லை. வங்காளத்தில் இனிப்புப் பண்டங்களுக்கு எடுக்கும் சானாவும் வட இந்தியப் பனீரும் இப்படி அமிலத்தால் திரைப்பவையே. அரபு நாடுகளில் லப்னே என்று தயிரைத் துணியில் வடித்து ரொட்டியில் பூசுவார்கள். மத்திய கிழக்கில் வேலை செய்து வந்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இதன் சுவை தெரிந்திருக்கும்.

இனி நான் கெடுத்த கதை. முதல் நாள் பால் தளதளவென்று கொதிக்கும்போதே சாற்றை விட்டு, அகப்பையால் விடாமல் கிண்டி, இரவு முழுவதும் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். காலையில் அது பல்லில் கீச்சிட்டது. வாப்பா ஒரு துண்டைக் கையில் எடுத்து, "மகள், இது என்ன, சவர்க்காரமா?" என்றார். இரண்டாம் நாள் புளிக்கும் என்று பயந்து சாற்றைக் குறைத்தேன். பால் அரைகுறையாகத் திரைந்தது. வடித்த நீர் பால்போலவே வெள்ளையாக இருந்தது. அதாவது சீஸ் ஆகவேண்டிய புரதம் வாளிக்குள் போய்விட்டது. பால்தெளிவு தெளிவாகத் தெரியாவிட்டால் வடிக்கக் கூடாது என்பதை அந்த ஒரு லீற்றர் பாலைக் கொடுத்துப் படித்தேன்.

மூன்றாம் நாள் சரிவந்தது. கறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒரு லீற்றர் பாலை அடி கனத்த சட்டியில் ஊற்றி மெல்லிய நெருப்பில் வைத்தேன். அடிப்பிடிக்காமல் மட்டும் கிண்டினேன். பொங்கி வந்ததும் இறக்கி, ஐந்து நிமிடம் ஆறவிட்டேன். வெப்பமானி 85 பாகை செல்சியஸ் காட்டியது. இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றில் அதேயளவு தண்ணீர் கலந்து, கரண்டி கரண்டியாகச் சுற்றி ஊற்றினேன். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரே ஒரு தடவை மெதுவாகக் கிண்டினால் போதும். முகில்போலத் திரள் பிரிந்து நீர் தெளிந்ததும் சாற்றை நிறுத்திவிட வேண்டும், கிண்ணத்தில் மிச்சம் இருந்தாலும் சரி. மூடிப் பத்து நிமிடம் வைத்து, கொதிநீரில் அவித்த பருத்தித் துணியில் வடித்தேன். பிழியவில்லை. இருபது நிமிடத்தில் எடுத்து, அரைத் தேக்கரண்டி உப்பும் இரண்டு கரண்டி பால்தெளிவும் விட்டு முள்ளுக்கரண்டியால் அடித்தேன். கடைத் தராசில் 210 கிராம் நின்றது. ஆறு துண்டுப் பாணுக்கு அது காணும்.

சுடுபால், பச்சைப்பால் பற்றி ஒரு வார்த்தை. சில வெளிநாட்டுச் சமையல் முறைகளில் காய்ச்சாத பாலில் மென்சீஸ் செய்கிறார்கள். நாம் அப்படிச் செய்யவே கூடாது. காய்ச்சாத பாலில் புருசெல்லோசிஸ், காசநோய்க் கிருமிகளும் லிஸ்டீரியாவும் இருக்கக்கூடும். லிஸ்டீரியா கர்ப்பிணிகளுக்கு மிகவும் ஆபத்தானது. குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் அது பெருகும். நன்றாகக் காய்ச்சிய பாலில் செய்ததானாலும் மென்சீஸில் ஈரம் கூட என்பதால் வெளியே வைத்தால் சில மணித்தியாலங்களில் கெடும். பெட்டியில் மூடி வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். கைபடாத, அவித்த துணியும் பாத்திரமும் இதில் பாதி வேலை.

மரக்கறிக்கு வருவோம். ஒவன் எங்கள் வீட்டில் இல்லை. 2022 இல் சமையல் வாயு கிடைக்காமல் போனபோது விறகடுப்புக்குத் திரும்பியவர்கள் நாங்கள், இன்றும் பாதிச் சமையல் அதில்தான். இந்த வேலைக்கு விறகடுப்புத்தான் நல்லது என்பது என் எண்ணம். கத்தரிக்காயை முழுதாகத் தணலில் புதைத்து, தோல் கருகி உள்ளே தளரும்வரை திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். முன்னதாக முள்ளால் இரண்டு மூன்று இடத்தில் குத்தாவிட்டால் வெடிக்கும். தக்காளி, கறிமிளகாய், சின்ன வெங்காயம் ஆகியவற்றை வெட்டித் தாச்சியில் சிறிது நல்லெண்ணெய் விட்டு வாட்டலாம்.

இங்கே ஒரு விஞ்ஞானம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை மரக்கறியின் மேற்பரப்பு 100 பாகைக்கு மேல் சூடாகாது. பொன்னிறமும் அந்த வாசமும் வருவதோ 140 பாகை அளவுக்குப் பின்னர்தான். அமினோ அமிலங்களும் வெல்லங்களும் சூட்டில் சேர்ந்து தாக்கமுறுவதை 1912 இல் லூயி கமில் மயிலார்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி விளக்கினார். பாணின் பொறுபொறுத்த மேற்பக்கத்துக்கும் வறுத்த கோப்பிக்கும் மணம் தருவது அதே தாக்கம். ஆகவே தாச்சியை நிரப்பக் கூடாது, மூடக் கூடாது. நிரப்பினால் ஆவி வெளியேற வழியில்லாமல் மரக்கறி அவிந்து சொதியாகிவிடும். தக்காளியின் விதைப்பகுதியை எடுத்துவிட்டு, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, நிறம் வரும்வரை தொடாமல் இருங்கள். தொடாமல் இருப்பதுதான் கடினம். தம்பி இதில் என்னை விடக் கெட்டிக்காரன், அவன் அடுப்பை மறந்தே போவான்.

கத்தரிக்காய் சுட்ட வாசத்துக்கு உம்மம்மா திண்ணையிலிருந்து எழுந்து வந்தார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் புத்தளத்துக்குப் போனது. போகுமுன் மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போனார்கள். "கட்டி வச்சிட்டுப் போனா செத்துப் போயிடுமே" என்பார். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பால்மாத்தான் கரைத்துக் குடித்தார்களாம். அவருக்குப் பல் இல்லை. பாணின் ஓரத்தை வெட்டிவிட்டு, நடுப்பகுதியில் சீஸும் சுட்ட கத்தரிக்காயும் பூசிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, இன்னொன்று கேட்டார்.

பாண் என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அச்சுப் பாணை விட ரோஸ் பாண் இதற்கு நல்லது, ஓரம் தடிப்பாக இருப்பதால் ஈரத்தைத் தாங்கும். அன்று போட்ட பாணை விட முதல்நாள் பாண் சிறந்தது, அது எளிதில் சவளாது. ஒரு விரல் தடிப்பில் வெட்டி, எண்ணெய் தடவாமல் வெறும் தோசைக்கல்லில் இரு பக்கமும் சுடவும். சுட்ட சூட்டோடு ஒரு பல் உள்ளியை வெட்டி மேலே தேய்த்தால் கரகரப்பில் அது தானே உரைந்து இறங்கும். இத்தாலியர் பிருஸ்கெட்டா என்னும் சுட்ட பாணுக்கு இப்படித்தான் உள்ளி தேய்ப்பார்கள். பிறகு சீஸைத் தடிப்பாகப் பூசி, மரக்கறியை வைத்து, இடித்த மிளகும் எண்ணெயில் பொரித்த கறிவேப்பிலையும் போட்டேன். செத்தல் மிளகாயை நொறுக்கிப் போட்டால் நமது நாக்குக்குப் பிடிக்கும். கற்பூரவள்ளி போட்டுப் பார்த்தேன், இருமல் மருந்து குடித்ததுபோல் இருந்தது, வேண்டாம்.

கடையில் முதல் நாள் ஆறு துண்டு செய்து கண்ணாடிப் பெட்டியில் அடுக்கினோம். அரை மணித்தியாலத்தில் எல்லாம் நனைந்து சவண்டுவிட்டன. ஒன்றும் விற்கவில்லை. மறுநாள் சீஸையும் மரக்கறியையும் தனித்தனியாக மூடி வைத்து, கேட்டவர்களுக்கு மட்டும் பாணைச் சுட்டுக் கொடுத்தார் வாப்பா. ஒரு பஸ் சாரதி, "இது என்ன முதலாளி, பால் சம்பலா?" என்று கேட்டு வாங்கினார். அன்று நான்கு போனது. அதன்பின் கடையில் அதற்குப் பால் சம்பல் பாண் என்றே பெயர்.

கணக்கையும் சொல்ல வேண்டும். பாண், மரக்கறி, பால் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு துண்டின் அடக்கவிலை, சம்பலோடு கொடுக்கும் பாணை விடக் கூட. ஆகவே எல்லோரும் வாங்க மாட்டார்கள். வாகனக்காரர் தரும் அதே விலைக்கு அன்ரியிடம் மாலையில் இரண்டு லீற்றர் எடுப்பது என்று வாப்பா முடிவு செய்தார். சீஸை இரவே செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் காலைக் கடைக்கு ஆகும். மற்ற இரண்டு லீற்றருக்கு இன்னும் வழியில்லை. வடித்த பால்தெளிவையும் நாங்கள் ஊற்றுவதில்லை. ரொட்டிக்கு மா குழைக்க உம்மா தண்ணீருக்குப் பதிலாக அதை விடுகிறார், ரொட்டி மெதுமையாக வருகிறது.

விடுமுறை முடிந்து நான் விடுதிக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் செய்முறையை அன்ரிக்குக் காட்டிக் கொடுத்தேன். வெப்பமானியை வைத்துக்கொள்ளச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு கிழமைக்குப் பின் உம்மா தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார். தேசிக்காய் கிடைக்காத ஒரு நாள், முதல்நாள் பால்தெளிவை இரவில் புளிக்க வைத்து, அதையே சூடான பாலில் ஊற்றியிருக்கிறார் அன்ரி. தேசிக்காய்ச் சாற்றை விடப் பல மடங்கு தேவைப்பட்டதாம், ஆனால் சீஸ் என்னுடையதை விட மிருதுவாம், தேசிக்காய் வாசமும் இல்லையாம். விடுதியில் பொறுப்பாசிரியையிடம் கேட்டபோது, சானா எடுப்பவர்களும் அப்படிப் புளித்த பால்தெளிவைப் பயன்படுத்துவார்கள் என்றார். பாலின் இலத்திக் அமிலமே அங்கே வேலை செய்கிறது. அடுத்த விடுமுறைக்குப் பீஎச் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு லீற்றருக்கு எவ்வளவு பால்தெளிவு, எத்தனை மணித்தியாலம் புளிக்க வேண்டும் என்று அளந்து அன்ரியின் சட்டியில் கோடு போட்டுக் கொடுக்கவேண்டும்.