ஸ்பேனர் விழுந்த இடம்

கேள்வி: சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். சூலூரிலிருந்து கிளம்பும் தேஜஸ் விமானத்தின் உடம்பே நாரும் பிசினும்தான் என்கிறான் இன்ஜினியரிங் படிக்கும் மகன். அதன்மேல் ஒரு ஸ்பேனர் விழுந்தால் தாங்குமா? எங்கள் பின்னல் துணி அந்த மாதிரி வேலைக்கு உதவுமா ஐயா?
– வாசகர், திருமுருகன்பூண்டி

பதில்: மகன் சொன்னதில் உண்மை இருக்கிறது. 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த தேஜஸின் உடற்கூட்டு எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் கார்பன் நார்க் கலப்புப் பொருள்.

ஸ்பேனர் விழுந்தால் அலுமினியத் தகடு நசுங்கும்; அடிபட்டது கண்ணுக்குத் தெரியும். கலப்புப் பொருளில் மேல்பக்கம் வழவழப்பாகவே இருக்கலாம். உள்ளேயோ பிசின் வெடித்து, ஒட்டியிருந்த அடுக்குகள் விலகியிருக்கும். நார் அறாதவரை இழுவிசையைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். அமுக்கும்போதுதான் ஆபத்து: பிரிந்த அடுக்குகள் தனித்தனி மெல்லிய தாள்களாகி வளைந்து மடங்கிவிடும். அதனால்தான் 150 × 100 மில்லிமீட்டர் தகட்டின்மேல் எடையை விழவைத்து, பிறகு அதையே அமுக்கி மிச்ச பலத்தை அளக்கிறார்கள்.

நெசவின் அருமை இங்கேதான். நார்கள் ஒரே திசையில் கிடக்கும் அடுக்குகளில் விரிசல் தங்குதடையின்றி ஓடும். பாவும் ஊடையும் மாறிமாறி ஏறி இறங்கும் துணியில் ஒவ்வொரு மேடும் அதை மறிக்கிறது. சேதம் சின்ன வட்டத்துக்குள் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தால் நூல் நேராக இருப்பதில்லை. அடிபடாத தகட்டின் பலமும் விறைப்பும் கொஞ்சம் குறையும். சாட்டின் நெசவில் பின்னிச் செல்லும் இடங்கள் குறைவு, நூல் நேராக ஓடும். பலம் கூடும், மறிக்கும் மேடுகள் குறையும்.

உங்கள் துணியில் எல்லாமே லூப். விறைப்பு குறைவு என்பதால் இறக்கைக்கு ஆகாது. ஆனால் அடுக்குகளின் லூப்புகள் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்துகொள்வதால் அவ்வளவு எளிதில் பிரியாது. அடியின் ஆற்றலையும் நன்றாக வாங்கிக்கொள்ளும். வளைவுகளில் சுருக்கமின்றிப் படியும். ஹெல்மெட் ஓடு, இயந்திர மூடி போன்றவற்றில் முயன்று பார்க்கத் தகுந்தது. கார்பன் நார் ஊசிக் கொக்கியில் வளையும்போது முறியும். கண்ணாடி நாரில் தொடங்கினாலும் மெஷின் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.

உள்ளே மறைந்திருக்கும் சேதத்தைக் கண்டுபிடிக்க உங்கள் ஊர்ச் சிற்பிகளுக்கு ஒரு வழி தெரியும். கல்லைத் தட்டி, கணீரென்ற ஒலி வருகிறதா என்று காது கொடுத்துப் பார்ப்பார்கள். விமானப் பட்டறையிலும் நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. அடுக்கு பிரிந்த இடத்தில் ஒலி மங்கும். ஆழத்தில் உள்ள பிளவு இதற்கு அகப்படாது, அதற்கு அல்ட்ராசவுண்ட் வேண்டும்.

ஆர்டர் எடுக்கும் முன் உங்கள் துணியில் செய்த தகட்டை அடித்தும் அமுக்கியும் ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். மேல்பக்கம் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி யார் தலைக்கும் ஹெல்மெட் கொடுத்துவிடாதீர்கள்.