பெயரும் தலைப்பெழுத்தும்

சித்தூரிலும் திருப்பதியிலும் ஒரே தெருவில் இருவகைப் பெயர் வழக்குகளைக் காணலாம். தெலுங்குக் குடும்பங்களில் தலைமுறைதோறும் மாறாத குடும்பப்பெயர் முதலில் நிற்கும். அதனை 'இண்டிபேரு', அதாவது வீட்டுப்பெயர் என்பர். தமிழர் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்து தலைப்பெழுத்தாக நிற்கும். தாய் பெயரின் முதலெழுத்தைச் சேர்ப்போரும் உளர். இது தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

குடியரசுத் தலைவராக விளங்கிய சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு திருத்தணியில் பிறந்தார். திருப்பதியிலும் பள்ளிக்கல்வி பயின்றார். சர்வபள்ளி என்பது நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர். அவர்தம் முன்னோரின் ஊர். வரலாற்றறிஞரான அவர் மகனும் சர்வபள்ளி கோபால் என்றே அழைக்கப்பட்டார். தமிழர் வழக்கின்படி அவர் 'இரா. கோபால்' ஆகியிருப்பார். தமிழறிஞர் மு. வரதராசன் பெயரிலுள்ள 'மு', அவர் தந்தை முனுசாமியைக் குறிக்கும். இவ்விருவரும் பிறந்தது அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில். பெயர் வழக்கோ வேறு.

இக்காலப் படிவங்களில் குடும்பப்பெயருக்கெனத் தனிக் கட்டம் உண்டு. தமிழ்ப் பெற்றோர் பலர் அதில் தந்தை பெயரை எழுதுகின்றனர். அதனால் 'கயல்விழி முருகன்' என்னும் சிறுமியை வகுப்பில் 'முருகன்' என்று அழைத்துவிடுவதும் உண்டு. அவள் பெயர் கயல்விழியே. முருகன் அவள் தந்தை.

ஆகவே, குழந்தைக்குப் பெயர் தேர்ந்தெடுப்போர் அதனை முன்னும் பின்னும் வரும் சொல்லோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல் நலம். நீண்ட குடும்பப்பெயரோடு குறும்பெயர் இனிது இசையும். 'சர்வபள்ளி கோபால்' என்பதைச் சொல்லிப் பார்த்தால் இது விளங்கும். தந்தை பேரரசன் எனின், மகள் 'பே. யாழினி' ஆவாள், விரைந்து சொன்னால் 'பேய்' என்னும் ஒலி பிறக்கும்! 'பே. நிலா' எனின் அக்குறை இல்லை.

பிறப்பைப் பதிவு செய்தபின், 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கச் சட்டம் இடந்தருகிறது. எனவே ஆராய்ந்து தேர்ந்தெடுக்கலாம். எவ்வழக்கை ஏற்பினும், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு ஆகிய மூன்றிலும் பெயரை ஒரே வகையாக எழுதுதல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
வழக்கு – பழக்கமாக வழங்கி வரும் முறை
உளர் – இருக்கின்றனர்
எனின் – என்றால்
ஏற்பினும் – ஏற்றுக்கொண்டாலும்

பயிற்சி
1. இண்டிபேருக்கும் தலைப்பெழுத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. உன் தலைப்பெழுத்து யாருடைய பெயரைக் குறிக்கிறது? உன் பெயரைத் தலைப்பெழுத்துடன் தமிழில் எழுதுக.
3. 'பே' என்னும் தலைப்பெழுத்தோடு இனிது இசையும் பெயர்கள் மூன்று எழுதுக.
4. உன் தாத்தா, தந்தை, நீ ஆகிய மூவரின் தலைப்பெழுத்துகளை வீட்டில் கேட்டு அறிந்து எழுதுக.