ஏற்றத்தாழ்வான மதிப்பெண்களும் ஐரோப்பியப் பொருளாதார மேற்படிப்பும்

பொருளாதார நூல் பயிலும் தோழர் சிலர், இளங்கலையில் ஒரு பருவம் உயர்ந்தும் மறுபருவம் தாழ்ந்தும் மதிப்பெண் பெற்றமையால், ஐரோப்பியச் சர்வகலாசாலைகள் தமக்குக் கதவடைக்குமெனத் தாமே துணிந்து, விண்ணப்பமும் எழுதாதிருக்கின்றனர். இலக்கணம் பயிலும் எமக்கு இதில் யாது தொடர்போவெனின், விடுதியில் அவரோடு ஒரு பந்தியில் உண்கின்றோமாதலின் இப்பேச்சு நாடோறும் எம் செவியில் விழுகின்றது. அதுபற்றி யாம் ஆராய்ந்தறிந்தவற்றை ஈண்டுக் கூறுகின்றோம்.

முதற்கண் அறியற்பாலது, மதிப்பெண் நாடுதோறும் வேறு பொருள் தருமென்பது. பிரான்சில் 20-க்கு 16 பெறுதலே மிக்க சிறப்பு. ஜெர்மனியிலோ 1 தலைசிறந்தது. 4 தேர்ச்சியின் கடையெல்லை. பிற நாட்டு எண்களை அவ்வளவைக்கு மாற்றத் ‘திருத்திய பவேரிய வாய்பாடு’ வழங்குகின்றது. உச்ச எண்ணிலிருந்து மாணவர் பெற்றதைக் கழித்து, உச்ச எண்ணுக்கும் தேர்ச்சியெண்ணுக்குமுள்ள வேறுபாட்டால் வகுத்து, 3-ஆற் பெருக்கி, 1 கூட்டுதல் வேண்டும். 100-க்கு 70 பெற்றவர்க்குத் தேர்ச்சியெண் 40 ஆயின் 2.5 வரும், தேர்ச்சியெண் 50 எனக் கொள்ளின் 2.8 ஆகிவிடும். 2.5-ஐயே எல்லையாக வைக்கும் துறைகளும் உளவாதலின், மாணவர் ஏதும் பிழையாமலே வாயிலில் நின்றுவிடல் கூடும். ஆகவே தம் கல்லூரியின் தேர்ச்சியெண் எதுவென்று காட்டும் சான்றினை விண்ணப்பத்தோடு இணைத்தல் இன்றியமையாதது.

இனி ஏற்றத்தாழ்வைப் பற்றி. மொத்தச் சராசரி 70 பெற்றார் இருவருள், கணிதத்தில் 90-உம் வணிக வரலாற்றில் 50-உம் பெற்றவர் ஒருவர். மற்றவர் இதற்கு நேர்மாறானவர். தூலூஸ், பார்சிலோனா முதலிய இடங்களிலுள்ள கணிதச் செறிவுடைய படிப்புக்களுக்கு முன்னவரே ஏற்றவராகத் தோன்றுவர். ரோட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம் நகரங்களின் மூன்று சர்வகலாசாலைகள் கூடி நடத்தும் டின்பர்கன் நிலையத்தையும் இவற்றோடு எண்ணலாம். அப்பெயர்க்குரிய யான் டின்பர்கன் தாமே இயற்பியல் பயின்று 1929-இல் லைடனில் டாக்டர் பட்டம் பெற்றவர். பொருளாதாரத்துக்கு முதன்முதல் வழங்கிய 1969-ஆம் ஆண்டு நோபல் பரிசினை ராக்னர் பிரிஷ் என்பாரோடு பகிர்ந்துகொண்டவர். அங்குக் கணிதத்துக்குள்ள மதிப்பு வியப்பன்று.

கணிதமே தாழ்ந்திருப்பின் யாது செய்வது? மெய்யெண் பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம் ஆகியவற்றைப் பரீட்சையோடு கூடிய தனிப்பாடமாக மீண்டும் பயின்று, உயர்ந்த எண் பெற்றுக் காட்டுதலே நேர்வழி. ஜி.ஆர்.இ. தேர்வின் கணிதப் பகுதியில் உச்சமாகிய 170-ஐ அடுத்து நிற்போர் பலராதலின், அங்கு உயர்வு ஒன்றே தூக்கிவிடாது, தாழ்வோ கெடுக்கும். தாழ்ந்த பருவத்தின் காரணத்தை நோக்கவுரையில் இரண்டு வரியில் உண்மையாக உரைத்தல் போதும், புலம்பல் வேண்டா. பரிந்துரைக் கடிதம், பெரும்பதவி வகிப்பாரினும், கணிதமோ புள்ளியியலோ கற்பித்து மாணவரை அறிந்த ஆசிரியரிடம் பெறுதல் நன்று.

1999-ஆம் ஆண்டுப் பொலோனா உடன்படிக்கைக்குப்பின் மூன்றாண்டு இளங்கலை ஐரோப்பாவிற் பரவியமையால், நம் மூன்றாண்டுப் பட்டம் அங்கு அன்னியமன்று. முதுகலை முடித்தே ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் செல்லுதல் அங்குப் பெருவழக்காதலின், இளங்கலைக் குறையை முதுகலையில் ஈடுசெய்ய இடமும் உண்டு. ஜெர்மனி செல்ல விழையும் இந்திய மாணவர்க்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் வேண்டப்படுகின்றது, அது கைக்கு வரச் சில வாரங்கள் செல்லுமாதலின், விண்ணப்பத்தின் இறுதிநாளைக் கணக்கிட்டு முன்னரே அதற்கு எழுதுதல் வேண்டும்.