உப்புக் காற்றும் பழைய வாக்மேனும்

ஜப்பானின் சோனி நிறுவனம் 1979 ஜூலையில் முதல் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னாளில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகள் ஊருக்குக் கொண்டுவந்த பொருள்களில் அதுவும் ஒன்று. தொலைபேசி அரிதாயிருந்த அக்காலத்தில், கடிதத்துக்குப் பதிலாகத் தம் குரலைக் கேசட்டில் பதிந்து அனுப்பியவர்களும் உண்டு. அந்தக் கேசட்டுகள் சில இன்னும் நம் வீட்டுப் பீரோக்களில் இருக்கின்றன. கருவிதான் ஓடவில்லை. தூக்கி எறியுமுன் நாமே சரிசெய்து பார்க்கலாம். கோளாறு பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் இருக்கும்.

1. பேட்டரி அறை: உள்ளேயே விட்ட பேட்டரி கசிந்து தகடுகளை அரிக்கும். தூத்துக்குடிக் கடற்காற்றில் உள்ள உப்பு ஈரத்தை இழுப்பதால் இங்கே பச்சைக் களிம்பும் விரைவில் பிடிக்கும். கையுறை அணிந்துகொள்ளுங்கள். ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உடையது; பஞ்சில் சிறிது வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைக்க வேண்டும். சாதாரணத் துத்தநாகப் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடா கரைத்த நீர். பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, தகட்டை இங்க் ரப்பரால் தேய்த்தால் பளிச்சிடும்.

2. பெல்ட்: கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். ரப்பர் பெல்ட் தளர்ந்தால் வேகம் குறைந்து, குரல் தடித்து இழுக்கும். மோட்டார் சத்தம் கேட்டும் நாடா நகராவிட்டால் பெல்ட் அறுந்திருக்கலாம். திருகுகளைக் கழற்றும் வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். சக்கரங்களைச் சுற்றி நூலால் அளந்து, அதைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவான சுற்றளவுள்ள பெல்ட் வாங்குங்கள். கல்லாவில் கிடக்கும் ரப்பர் பேண்ட் உதவாது. வேகம் சீராக இராது.

3. ஹெட்: ஒலி மங்கினால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டையும் நாடாவை இழுக்கும் தண்டையும் ரப்பர் உருளையையும் துடைத்து உலரவிடுங்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. சரிசெய்த கருவியில் முதலில் வேண்டாத கேசட்டைப் போட்டு, இரு பக்கமும் முழுமையாக ஓட்டிப் பாருங்கள். நாம் ஒருமுறை அவசரப்பட்டு வீட்டுப் பெரியவரின் குரல் இருந்த கேசட்டையே முதலில் போட்டோம். நாடா உருளையில் சுற்றிக் கசங்கி அறுந்தது. ஒட்டிப் பார்த்தும் அந்த இடத்திலிருந்த சில சொற்கள் திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே கருவி நன்றாக ஓடுகிறது என்று தெரிந்தபின் குரல் கேசட்டைப் போட்டு, அன்றே கணினியில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

இதில் கடைக்காரர்களாகிய நமக்கும் ஒரு பாடம் உண்டு. பேட்டரி அட்டையை உப்பு மூட்டைக்கு அருகில் வைக்கலாகாது. அதில் அச்சிட்ட தேதியைப் பார்த்து, முன்னே வந்த சரக்கை முன்னே விற்க வேண்டும். பழையதும் புதியதும் கலந்து போட வேண்டாம், பயன்படுத்தாதபோது கழற்றி வையுங்கள் என்று வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொல்வோம். அதற்குச் செலவில்லை, அவருடைய பொருள் பிழைக்கும், நம் கடைமேல் அவருக்குள்ள நம்பிக்கையும் வளரும்.