பாஸ்போர்ட்டும் பையும் அவரவர் கையில்
இலங்கைக்குப் போய்வர நினைக்கும் சகோதரிகளுக்கு



சுந்தரபாண்டியபுரம் குழுக்களின் கூட்டத்தில் தவணை எல்லாம் வரவு வைத்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டு முடித்த பிறகு ஒரு அக்கா ஒரு நோட்டீசை எடுத்து நீட்டினார்கள். ஐந்து நாளில் இலங்கை, கதிர்காமம், நல்லூர், திருகோணமலை என்று அதில் அச்சடித்திருந்தது. "நம்ம பன்னெண்டு பேரும் ஒருக்கா போயிட்டு வந்தா என்னக்கா? எங்க ஆச்சி அங்கன தேயிலைத் தோட்டத்துலதான் பொறந்தாளாம்" என்றார்கள். முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விகளுக்கு விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நம் பக்கத்துக்கு இலங்கை புதிது இல்லை. 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. அதே 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டு, லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் பின்னர் இங்கே திரும்பி வந்தார்கள். அந்த ஆச்சியின் கதை நம்மில் பல வீடுகளில் உண்டு. இப்போது மதுரையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரம் போல ஆகும், கொழும்பில் இறங்கிவிடலாம். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கமுள்ள காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். சில நாளிலேயே நின்றுபோய், 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கினார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் சரியில்லை என்றால் கப்பல் நின்றுவிடும். கப்பலை நம்பித் திரும்பும் நாளைக் கணக்குப் போட வேண்டாம்.

முதல் வேலை பாஸ்போர்ட்

திருநெல்வேலியில் பாஸ்போர்ட் சேவா கேந்திரம் இருக்கிறது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1500 ரூபாய், பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும். கணினி மையத்தில் விண்ணப்பித்து, நாள் வாங்கி, நேரில் போகவேண்டும். பிறகு போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு வருவார்கள். இதற்குப் புரோக்கர் வேண்டியதில்லை.

நமக்குச் சிக்கல் வருவது கட்டணத்தில் அல்ல, பெயரில்! குழுவில் உள்ளவர்களின் ஆதார் அட்டைகளை வாங்கிப் பார்த்தோம். ஒருவருக்கு ஆதாரில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் வீட்டுக்காரர் இனிஷியல். இன்னொருவருக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, வாக்காளர் அட்டையில் வேறொன்று. "அது கணக்கெடுக்க வந்தவங்க போட்டது" என்றார்கள். அந்த ஒரு எழுத்துக்காகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே முதலில் எல்லா அட்டைகளிலும் பெயரையும் தேதியையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக்குங்கள். கல்யாணமாகிவிட்டதால் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. திருமணச் சான்றிதழும் கேட்பதில்லை. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் டிக்கெட்டிலும் பெயர் இருக்கவேண்டும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது வளைகுடா நாடுகள், மலேசியா போன்ற குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏமாற்றாமல் காக்க வைத்த முறை. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை, சுற்றிப் பார்க்கப் போவதற்கு அது தடையும் இல்லை.

பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் ஆறு மாதமாவது இருக்கவேண்டும். இலங்கைக்குள் போக 'ஈ.டி.ஏ.' என்னும் அனுமதியை இலங்கை அரசின் இணையதளத்திலேயே முன்கூட்டிப் பதிந்துகொள்வது நல்லது. இதன் கட்டணத்தை அவ்வப்போது மாற்றியிருக்கிறார்கள், சில காலம் இந்தியர்களுக்கு இலவசமாகவும் கொடுத்தார்கள். அதனால் "விசாவுக்கு இவ்வளவு" என்று ஒருவர் கேட்டால், அன்றைய கட்டணத்தை இணையதளத்தில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

இந்த அனுமதி சுற்றிப் பார்ப்பதற்கு மட்டும்தான். வேலை செய்யவோ, துணிமணி கொண்டுபோய் விற்கவோ முடியாது. "முதல்ல சுற்றுலா விசாவுல போங்க, அங்க போய் வேலை விசாவா மாத்திக்கலாம்" என்று எந்த நாட்டுக்கு யார் சொன்னாலும் அந்த ஆளிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

பை விஷயம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு நமக்குத் தெரிந்த ஒரு சகோதரியிடம் ஒருவர் வந்து, "டிக்கெட் நாங்க போடுதோம், சாப்பாடு தங்கல் எல்லாம் எங்க செலவு, வரும்போது ஒரு மிக்சி மட்டும் கொண்டாந்து குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். பெயிண்ட் அடிக்கிற வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், கையில் பீடித் தட்டு. இலவசமாக விமானத்தில் போகலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? திரும்பி வரும்போது விமான நிலையத்தில் மிக்சியைப் பிரித்தார்கள். உள்ளே தங்கம். "எனக்குத் தெரியாது" என்று அழுதிருக்கிறார், உண்மையிலேயே தெரியாதுதான். ஆனால் பை அவர் பெயரில் இருந்தது. கைது, ஜாமீன், வக்கீல் என்று அலைந்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் செலவு, ஒரு நாள் பீடிக்கூலி போயிற்று. அவருடைய தவணையைக் குழுவில் மற்றவர்கள் பல மாதம் சேர்ந்து கட்டினார்கள். டிக்கெட் போட்ட ஆளின் போன் அன்றைக்கே அணைந்துவிட்டது.

இப்படிப் பொருள் கொண்டுவருகிறவர்களைக் 'குருவி' என்பார்கள். குருவி பிடிபடும், பிடித்து அனுப்பியவன் பிடிபடுவதில்லை. பையில் இருப்பது போதைப்பொருள் என்றால் இன்னும் மோசம், இலங்கைச் சட்டத்தில் அதற்கு மரண தண்டனை வரை இடமிருக்கிறது. எனவே உங்கள் பெட்டியை நீங்களே அடுக்குங்கள், நீங்களே பூட்டுங்கள். விமான நிலையத்தில் பக்கத்தில் நிற்பவர் "எனக்கு எடை கூடிட்டு, இத உங்க பையில வச்சுக்கிடுங்க" என்றால் மறுத்துவிடுங்கள். பாவம் என்று இரக்கப்படுகிற இடம் அது இல்லை.

நம் ஊர்ப் பெண்கள் தெரிந்துகொள்ள இன்னொன்று. தூத்துக்குடி, ராமநாதபுரம் கடற்கரையில் இலங்கைக்குக் கடத்தவிருந்த பீடி இலையையும் மஞ்சளையும் பிடித்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. நமக்குப் பீடி இலை தினமும் மடியில் கிடக்கிற பொருள், கடலுக்கு அந்தப் பக்கம் அது கடத்தல் பொருள். சொந்தக்காரர் கேட்டார் என்று ஒரு கட்டுப் பீடிகூடக் கொண்டுபோக வேண்டாம். விதை, செடி, பழம் போன்றவற்றுக்கும் அனுமதி வேண்டும். அங்கிருந்து செவ்விளநீர்க் கன்று, பவளப்பாறைத் துண்டு என்று எடுத்து வராதீர்கள். தேயிலைப் பொட்டலம் தாராளமாக வாங்கி வரலாம்.

நகையையும் குறைத்துப் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து நகை கொண்டுவரும் பெண்களுக்குச் சுங்கத்தில் சலுகை உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கித் திரும்புகிறவர்களுக்குத்தான், ஐந்து நாள் போய்வருகிற நமக்கு இல்லை. கழுத்தில் கிடப்பது இங்கிருந்து போட்டுப் போன நகை என்று காட்ட, புறப்படும்போதே விமான நிலையச் சுங்க அலுவலரிடம் காட்டிச் சான்று வாங்கலாம். சென்னையில் இறங்கிய இலங்கைப் பெண் ஒருவரின் தாலிக்கொடி சுங்கத்தில் எடுத்துவைக்கப்பட்டு, அவர் வழக்குப் போட்டு, 2025-ல் உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ஆனால் வழக்குக்கு அலைய நமக்கு நேரம் ஏது? மஞ்சள் கயிறோடு போய்வருவது நிம்மதி.

எப்போது போவது, எவ்வளவு பணம்

குற்றாலத்தில் சாரல் போடும் அதே தென்மேற்குக் காற்றுதான் ஆனி, ஆடியில் கொழும்பு, இரத்தினபுரி, மலைநாட்டின் மேற்குப் பக்கம் எல்லாம் மழையாகக் கொட்டுகிறது. அந்த நேரம் திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் நல்ல வெயிலாக இருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை அவர்களுக்கு அடைமழை. நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள், ஆடி ஆவணியில் வரும். கதிர்காமத் திருவிழாவும் ஆடியை ஒட்டித்தான். தேயிலைத் தோட்டம் பார்க்க ஆசை என்றால் தை, மாசி நல்லது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலில் மலைநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டு நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். மலைப்பாதையில் ஏறும் முன்பு வழி எப்படி இருக்கிறது என்று அன்றைக்கு அன்றைக்கு விசாரியுங்கள்.

பணத்தைப் பற்றி எங்கள் கருத்தைக் கண்டிப்பாகவே சொல்கிறோம். உள்கடன் வாங்கிச் சுற்றுலா போகக்கூடாது. மாட்டுக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் வைத்திருக்கும் பணம் அது. போக விரும்புகிறவர்கள் மட்டும் மாதாமாதம் தனியாகச் சேர்த்து, தனி நோட்டில் கணக்கு வைக்கலாம். ஒன்றரை வருடம் ஆனாலும் பரவாயில்லை, பாஸ்போர்ட் சரியாவதற்கும் அந்த நேரம் வேண்டும்.

2025 நிலவரப்படி நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைத்தது. அதைக் கேட்டு மகிழ்ந்துவிடாதீர்கள், விலையும் அதற்குத் தகுந்த மாதிரிதான். நம் ரூபாய் நோட்டு 25,000 வரைதான் வெளியே எடுத்துப் போகலாம். வங்கியிலோ அனுமதி பெற்ற இடத்திலோ மாற்றி ரசீது வாங்குங்கள். யு.பி.ஐ. முறை 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் தொடங்கியது, ஆனால் பெட்டிக்கடையில் நடக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். சில சுற்றுலா இடங்களில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் மிக அதிகம். இந்தியா போன்ற சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டா என்று பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள், பாதி மிச்சமாகலாம்.

விருந்தாளியாக நடப்பது

நம் ஊரில் சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளாவிலிருந்து வேன் வேனாக ஆள் வந்து வரப்பை மிதித்து, பூவை ஒடித்து, குழந்தையைச் செடிக்குள் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். நாம் என்னவெல்லாம் பேசுகிறோம்! அங்கே போனால் நாம்தான் அந்த வேன். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பதை அவர்கள் பெரிய அவமதிப்பாக நினைப்பார்கள். விகாரைக்குள் செருப்பு, தொப்பி கூடாது, தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். நமக்குச் சேலை இருக்கிறது, கவலை இல்லை. பௌர்ணமிதோறும் அங்கே போயா விடுமுறை, பல கடைகள் பூட்டியிருக்கும்.

வடக்கில் 2009 வரை போர் நடந்தது. மண்டையோடு படம் போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் கால் வைக்காதீர்கள், மிதிவெடி இன்னும் முழுவதும் எடுத்து முடியவில்லை. பார்க்கிறவர்களிடம் "உங்க வீட்டுல யாரும் செத்தாங்களா" என்று கேட்பதும் வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாடு நமக்கு ஒத்துவரும். இடியப்பமும் சொதியும் கிடைக்கும். நம் திருநெல்வேலிச் சொதி மாதிரி காய்கறி நிறையப் போட்டுக் கல்யாண வீட்டில் வைப்பது போல இருக்காது, தண்ணியாக இருக்கும். நம்முடையதே மேல் என்று சொல்லிக்கொள்ளலாம், மனதுக்குள்ளேயே! சைவக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தேங்காய்ச் சம்பலிலும் பொரியலிலும் மாசிக்கருவாட்டைத் தூளாக்கிப் போடும் வழக்கம் அங்கே உண்டு. 'சைவக் கடை' என்று பார்த்துப் போங்கள். ரொட்டியைப் 'பாண்' என்பார்கள், டீயைத் 'தேத்தண்ணி' என்பார்கள்.

கொதித்து ஆறிய தண்ணீரோ பாட்டில் தண்ணீரோதான் குடிக்கவேண்டும். மலேரியா இல்லாத நாடு என்று 2016-ல் இலங்கைக்குச் சான்று கிடைத்தது. ஆனால் டெங்கு வருடம் முழுவதும் உண்டு, பகலில்கூடக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுகர், பிரஷர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டால் பெட்டி தவறும்போது மாத்திரையும் போய்விடும். போன் சார்ஜருக்குச் சதுர முனைப் பிளக் பல இடங்களில் தேவைப்படும்.

பாஸ்போர்ட்டை வழிகாட்டியிடமோ ஓட்டுநரிடமோ மொத்தமாகச் சேர்த்துக் கொடுத்துவைக்காதீர்கள். விடுதியில் பார்த்துப் பதிந்துகொண்டதும் திரும்ப வாங்கிவிடுங்கள். நகல் ஒன்று பெட்டியில், ஒன்று ஊரில் பிள்ளைகளிடம், ஒன்று குழுவின் பதிவேட்டில் இருக்கட்டும். தொலைந்துபோனால் போலீசில் புகார் எழுதி வாங்கி, இந்தியத் தூதரகத்துக்குப் போகவேண்டும். கொழும்பில் தூதரகம் இருக்கிறது. கண்டி, யாழ்ப்பாணம், அம்பாந்தோட்டையிலும் இந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. போலீசுக்கு 119, ஆம்புலன்சுக்கு 1990. இவற்றைப் போனில் மட்டும் வைத்தால் போதாது, ஒரு தாளில் எழுதி முந்தானை முடிச்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் எடுக்க விருப்பம் உள்ளவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆதார், வாக்காளர் அட்டை, பள்ளிச் சான்றிதழ் மூன்றையும் கொண்டுவாருங்கள். பெயரும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம். அந்த நோட்டீஸ் கொண்டுவந்த அக்காவுக்கு ஆச்சி பிறந்த தோட்டத்தின் பெயர் தெரியவில்லையாம். வீட்டில் பழைய கடிதம், கார்டு ஏதாவது கிடைக்கிறதா என்று தேடச் சொல்லியிருக்கிறோம்.