அறுவைச் சிகிச்சைக்குப் பின் துணைவியைப் பேணுதல்

நமது நாட்டுப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் வகிப்பது மார்பகப் புற்றுநோயாகும். தோட்டப்புறப் பெண்களும் இதற்கு விலக்கல்லர். நோய் கண்ட மார்பகத்தை அகற்றும் அறுவை முடிந்து சில நாள்களிலேயே மருத்துவமனை நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அதற்குப் பின் அவரைக் காக்கும் பொறுப்பு பெரிதும் கணவரையே சார்ந்தது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பழகிய கைகள், இப்பொழுது ஒரு தாதியின் பணியையும் ஏற்க வேண்டியிருக்கின்றன. இப்பணி கடினமன்று, முறை தெரிந்தால் போதும். அம்முறையை இக்கட்டுரையில் காண்போம்.

காயமும் வடிகுழாயும்

அறுவைக்குப் பின் காயத்தினுள் ஊறும் நீர் வெளியேறுவதற்காக, மெல்லிய குழாயொன்றும் அதன் முனையில் ஒரு புட்டியும் பொருத்தப்பட்டிருக்கும். பலர் இதனுடனேயே வீடு திரும்புவர். இதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. புட்டியைக் கையாளும் முறையை, மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் தாதியிடம் கேட்டு, அவர் முன்னிலையில் ஒருமுறை நாமே செய்து பார்த்துவிடல் நலம்.

தொடுவதற்கு முன்பும் பின்பும் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவ வேண்டும். புட்டி எப்பொழுதும் காயத்தைவிடத் தாழ்வாகவே இருத்தல் வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் நீரின் அளவைப் பார்த்து, பிள்ளைகளின் பழைய பள்ளிப் புத்தகமொன்றில் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். தொடக்கத்தில் செந்நிறமாக இருக்கும் நீர் நாளடைவில் வெளிர்மஞ்சளாகி, அளவிலும் குறையும். குழாயை எப்பொழுது எடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்வதற்கு இக்கணக்கு பெரிதும் உதவும்.

காயத்தின்மீது மஞ்சள்தூள், எண்ணெய், பச்சிலை முதலியவற்றைத் தடவுதல் கூடாது. அன்பினால் செய்யப்படும் இச்செயலே காயம் சீழ்பிடிக்கக் காரணமாகலாம்.

கையைக் காத்தல்

மார்பகத்துடன் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட்டிருப்பின், அப்பக்கத்துக் கையில் நீர் தேங்கி வீக்கம் உண்டாகலாம். இது உடனேயும் வரலாம். சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். பால்வெட்டும் பெண்ணுக்குக் கையே பிழைப்பாதலால், இதில் தனிக்கவனம் வேண்டும்.

மருத்துவர் அனுமதிக்கும்வரை நீர்க்குடம், பால்வாளி, குழந்தை ஆகியவற்றைத் தூக்க விடலாகாது. அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு, தோள் இறுகிவிடும். குழாய் இருக்கும் நாள்களில் விரல்களை மடக்கி விரித்தலும், முழங்கையை மடக்கி நீட்டலும் போதுமானவை.

குழாயை எடுத்து மருத்துவர் இசைந்த பின்னர், சுவர்ப்பயிற்சியைத் தொடங்கலாம். துணைவியார் சுவரை நோக்கி நின்று, விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் கணவர் சுண்ணக்கட்டியால் கோடிட வேண்டும். நாளை அக்கோட்டைத் தாண்ட முயல்வதே குறிக்கோள். இழுப்பது போன்ற உணர்வு இயல்பானது. கடும் வலி கண்டால் நிறுத்திவிட வேண்டும். மருத்துவர் தந்த வலிமாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி நேரம் முன்பு கொடுத்தால் பயிற்சி எளிதாகும். வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமையன்று. அது குணமடைதலைத் தாமதப்படுத்தும்.

மீண்டும் வேலைக்குச் செல்லும் காலத்தில், அக்கையில் வெட்டுக்காயமோ பூச்சிக்கடியோ படாதவாறு கையுறையும் நீண்ட கைச்சட்டையும் அணிதல் வேண்டும். கத்தி பட்டுவிட்டால் உடனே கழுவி மருந்திட வேண்டும். கை சிவந்து சூடேறினால் அன்றைய தினமே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஊசி போடுதலையும் இரத்த அழுத்தம் பார்த்தலையும் மற்றக் கையிலேயே செய்யுமாறு ஒவ்வொரு முறையும் நினைவூட்டுக.

உணவும் பத்தியமும்

“முட்டை, மீன், கோழி கொடுத்தால் புண் சீழ்பிடிக்கும்” என்று முதியோர் சிலர் தடுப்பதுண்டு. அவர்களது அக்கறையை மதிப்போம்; ஆயினும் இக்கருத்தை ஏற்பதற்கில்லை. வெட்டுண்ட தசை மீண்டும் வளரப் புரதம் தேவை. முட்டை, கெம்போங் மீன், கோழி, பருப்பு, தெம்பே ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுக்கலாம். வலிமாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கக்கூடும். அதற்குக் கீரையும் பப்பாளியும் போதிய நீரும் உதவும். நீரிழிவு உள்ளவராயின் இனிப்பைக் குறைத்தல் வேண்டும். சர்க்கரை மிகுந்தால் காயம் ஆறத் தாமதமாகும்.

புற்றுநோய் ஒட்டுவாரொட்டி நோயன்று. தனித்தட்டு, தனிப்பாய் வேண்டியதில்லை. பிள்ளைகள் தாயின் அருகிலேயே உறங்கலாம்.

மனத்தின் காயம்

மார்பகத்தை இழந்த பெண், உடலின் வலியைவிடக் கணவரின் முகத்தையே அதிகம் கவனிக்கிறார். முகம் சுளிப்பாரோ, ஒதுங்கிப் படுப்பாரோ என்னும் அச்சம் அவருக்குண்டு. கணவரோ என்ன சொல்வதென்று அறியாமல் வாய்மூடி இருப்பார். அம்மௌனத்தை அப்பெண் வெறுப்பென்று எண்ணிக்கொள்வார். பல குடும்பங்களில் துன்பம் இங்கேதான் தொடங்குகிறது.

நீண்ட ஆறுதல் மொழிகள் தேவையில்லை. “நீ இருந்தால் எனக்குப் போதும்” என்னும் ஒரு சொல் போதும். காயத்தைக் காட்டுமாறு வற்புறுத்தலாகாது. அவர் காட்டும் நாளில் முகத்தைத் திருப்பவும் ஆகாது. அழுதால் அழ விடுக. வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவின்றி, பேச்சின்றி இருந்தால் மருத்துவரிடம் கூறுக, அதற்கும் சிகிச்சையுண்டு.

பணிவிடை செய்யும் கணவரும் மனிதரே. அடுத்த லயத்து அக்கா சமைத்துத் தர முன்வந்தால் மறுக்காதீர்கள்.

விடுப்பும் உதவியும்

துணைவியார் தோட்டத் தொழிலாளியாயின், தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அவருக்குச் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பை அளிக்கிறது. பணிக்காலத்திற்கேற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள்கள் கிடைக்கும். மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்படுவோர்க்கு 60 நாள்கள் உண்டு. 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள்கள் தனியாகக் கணக்கிடப்படுகின்றன. மருத்துவச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்தி, படியொன்றைத் தோட்ட அலுவலகத்தில் காலந்தாழ்த்தாது கொடுக்க வேண்டும்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக 2019-இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடர்வோர்க்கான ஊக்கத்தொகையும் போக்குவரத்து உதவியும் இடம்பெற்றன. தமக்குரியது என்னவென்பதை அரசாங்க மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் கேட்டறிதல் நலம்.

சிகிச்சை முடிந்துவிடவில்லை

அறுவையுடன் எல்லாம் முடிந்தது என்றெண்ணுவது பெரும் பிழை. மருந்துச் சிகிச்சையோ கதிர்ச் சிகிச்சையோ தொடர வேண்டியிருக்கலாம். முடி உதிர்கிறது, வாந்தி வருகிறது என்று இடையில் நிறுத்தி, நாட்டுமருந்தை நாடுவோர் உளர். உதிர்ந்த முடி பெரும்பாலும் மீண்டும் வளரும், வாந்திக்கு மருந்துண்டு, தவறவிட்ட காலமோ திரும்பாது. மருத்துவர் குறித்த தேதிகளை நாட்காட்டியில் வட்டமிட்டு, இயன்றவரை உடன் செல்லுங்கள். துணைவியாரின் சகோதரிகளும் வயதுவந்த மகள்களும் இச்செய்தியை மருத்துவரிடம் கூறி, தத்தமக்குரிய பரிசோதனை பற்றிக் கேட்டறிய வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

1. 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல். மருந்துச் சிகிச்சைக் காலத்தில் இரவென்றும் பாராது செல்க.
2. காயம் சிவந்து வீங்குதல், சீழ் அல்லது துர்நாற்றம்.
3. புட்டி திடீரெனச் செங்குருதியால் நிறைதல். அல்லது நீர் வடிவது நின்று மார்பு வீங்குதல்.
4. கெண்டைக்காலில் வலியும் வீக்கமும்.
5. மூச்சுத் திணறல் அல்லது நெஞ்சுவலி. இதற்கு 999 எண்ணை அழைக்க வேண்டும்.

இப்பட்டியலைக் கத்தரித்து, வீட்டில் அனைவரும் காணும் இடத்தில் ஒட்டி வையுங்கள். கணவர் வேலைக்காட்டில் இருக்கும் வேளையில், வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளைக்கும் இது பயன்படும்.